தொட்டியை எடுத்துவிட்டார்கள், இப்போது எங்கள் தெருமுனையே தொட்டி. யாரிடம் போவது?

மூலைவீடு எழுதியது:

எங்கள் வீடு இரண்டு தெரு சேரும் மூலையில் இருக்கிறது. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு டிரான்ஸ்பார்மர். அதன் பக்கத்தில் முன்பு நகராட்சியின் இரும்புத் தொட்டி இருந்தது. நாற்றம் உண்டு, மாடு உண்டு, தொட்டிக்கு யாராவது தீ வைத்துவிட்டுப் போவதும் உண்டு. ஆனால் பாதிக் குப்பையாவது உள்ளே கிடக்கும். போன வருடம் "குப்பைத் தொட்டி இல்லா நகரம்" என்று பேனர் கட்டி, போட்டோ எடுத்து, தொட்டியைக் கிரேன் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

காலையில் பேட்டரி வண்டி வருகிறது. பொய் சொல்லக்கூடாது, ஞாயிறு தவிர அநேகமாக எல்லா நாளும் வருகிறது. நான் பச்சைக் கூடை, நீலக் கூடை என்று பிரித்துத்தான் கொடுக்கிறேன். ஆனாலும் தொட்டி இருந்த இடத்தில் தினமும் குப்பை சேர்கிறது. ராத்திரி படுக்கப் போகும்போது நான்கு பை, விடிந்து பார்த்தால் குவியல். நாய்கள் இழுத்து எங்கள் வாசல்வரை பரப்பிவிடுகின்றன.

நகராட்சி சுவரில் "இங்கு குப்பை கொட்டாதீர், மீறினால் அபராதம்" என்று எழுதிவிட்டுப் போனது. அந்த எழுத்துக்கு அடியிலேயே கொட்டுகிறார்கள். என் வீட்டுக்காரர் பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா மூன்றும் போட்ட டைல்ஸ் வாங்கிவந்து பதித்தார். இப்போது சாமிக்கு இரண்டடி தள்ளிக் கொட்டுகிறார்கள், அவ்வளவுதான் மாற்றம்.

கவுன்சிலரிடம் சொன்னால் "வண்டிதான் வருதே அம்மா" என்கிறார். முதல்வர் உதவி எண் 1100-க்குப் போன் போட்டேன். மறுநாள் ஆள் வந்து சுத்தமாக அள்ளிவிட்டுப் போனார், "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜும் வந்தது. அன்று ராத்திரியே பழையபடி.

தொட்டியைத் திரும்ப வைக்கச் சொல்லிக் கேட்கலாமா? கேமரா வைக்கச் சொல்லலாமா? யாரிடம் எழுதிக் கொடுத்தால் வேலை நடக்கும்?


சும்மா_ஒரு_ஆள் எழுதியது:

எழுதிக் கொடுங்க மேடம், அவங்களும் எழுதி வாங்கிக்குவாங்க. எங்க தெருவில் குப்பையைப் பிடிக்கக் கேமரா வைத்தார்கள். இப்போது கேமராவையே காணோம், அதைப் பிடிக்க இன்னொன்று வைக்கணும்.


பழைய_மஸ்டர் எழுதியது:

அம்மா, நான் துப்புரவு ஆய்வாளராக இரண்டு நகராட்சியிலும் ஒரு மாநகராட்சியிலும் இருந்து ஓய்வு பெற்றவன். விடிவதற்கு முன்னால் மஸ்டர் (பணியாளர் வருகைப் பதிவு) எடுத்தே பாதி ஆயுசு போனது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், தொட்டியைத் திரும்பக் கேட்காதீர்கள். 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள்தான் இந்த மாற்றத்துக்கு வேர். மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டில் வரும் அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்து வீட்டுக்காரர் கொடுக்கவேண்டும், உள்ளாட்சி வீடு வீடாக வந்து வாங்கவேண்டும் என்று அதில் இருந்தது. மூலையில் தொட்டி இருக்கும்வரை யாரும் பிரிக்கமாட்டார்கள். சோறும் டயபரும் உடைந்த டியூப்லைட்டும் ஒன்றாக விழும். அந்தக் கலவை, மட்கும் குப்பையை உரமாக்கும் நுண் உர மையத்துக்குப் போனால் உரம் வராது, புழுதான் வரும். சுத்தமான காய்கறிக் கழிவாகப் போனால் துண்டாக்கி, சாணக் கரைசல் தெளித்து, புரட்டிப் போட்டு, ஒன்றரை மாதத்தில் சலித்தால் கறுப்பாக, மண்வாசனையோடு உரம் கிடைக்கும். கலந்து வந்ததைக் கையை விட்டுப் பிரிக்கவேண்டியது யார்? அந்த மையத்தில் நிற்கிற பெண்கள். ஊசி குத்தி, கண்ணாடி கிழித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை நான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஆக, தொட்டியை எடுத்தது சரி. எடுத்தபிறகு செய்யவேண்டிய வேலையைத்தான் செய்யாமல் விட்டுவிட்டார்கள். தொட்டியைத் தூக்க ஒரு கிரேனும் ஒரு காலைப்பொழுதும் போதும். அந்தத் தொட்டியை நம்பி இருந்தவர்கள் யார் யார், அவர்கள் இனிமேல் எந்த நேரத்தில் யாரிடம் கொடுப்பார்கள் என்று பார்க்க ஒரு மாதம் பிடிக்கும். அந்த ஒரு மாதத்தை யாரும் செலவழிப்பதில்லை. பேனர் போட்டோ, மத்திய அரசின் நகரத் தூய்மைப் போட்டியான ஸ்வச் சர்வேக்‌ஷன் மார்க்குக்குப் போய்விடும், கதை முடிந்தது.

இப்போது உங்கள் மூலைக்கு வருவோம். "ஜனங்கள் கொட்டுகிறார்கள்" என்று மனுவில் எழுதினால் அதை வைத்து எந்த ஆய்வாளராலும் ஒன்றும் செய்யமுடியாது. எந்த ஜனங்கள்? அதைக் குப்பையே சொல்லும். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு விடிகாலையில் போய்க் கிளறிப் பாருங்கள். அருவருப்பாக இருந்தால் வீட்டுக்காரரை அனுப்புங்கள். வாழை இலை சாம்பாரோடு கட்டுக்கட்டாக இருந்தால் மெஸ் அல்லது டிபன் கடை. வாழை நாரும் காம்பும் வாடின பூவும் இருந்தால் பூக்கடை. முடி இருந்தால் சலூன். இறகும் குடலும் இருந்தால் கோழிக்கடை, ஆனால் பெரும்பாலும் அவன் பக்கத்தில் கொட்டமாட்டான், டூ வீலரில் நாலு தெரு தள்ளிக் கொண்டுவந்து போடுவான். பிரியாணிப் பொட்டலம், தண்ணீர்க் கேன், நூடுல்ஸ் உறை எல்லாம் ஒரே பையில் இருந்தால் பேச்சிலர் ரூம். டயபர், மருந்து அட்டை, பென்சில் சீவல் என்றால் குடும்பம். கூரியர் கவர் கிடைத்தால் முகவரியோடு கிடைக்கும். நாங்கள் அபராத ரசீது போட்டதில் பாதி அந்தக் கவர்களை வைத்துத்தான்.

இப்படிப் பார்த்தால் ஒரு மூலையில் கொட்டுகிற கூட்டம் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது. பத்து, பதினைந்து பேருக்கு மேல் இருக்காது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் வண்டி வரும் நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டார்கள். மில்லுக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்கிறவர், ராத்திரி பத்து மணிக்குக் கடையைச் சாத்துகிறவர், நைட் டியூட்டி முடித்துக் காலையில் தூங்குகிறவர். உங்கள் தெருவுக்கு வண்டி எட்டு மணிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்கு வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அது குப்பை வண்டி. மற்றவர்களுக்கு உங்கள் டிரான்ஸ்பார்மர்தான் இருக்கிறது.

ஒரு ஊரில் பஸ் ஸ்டாண்டு பின்னால் இதே மாதிரி ஒரு இடம். சுவரில் எழுதினோம், கோலம் போட்டோம், பூந்தொட்டி வைத்தோம். பூந்தொட்டிக்குள்ளே குப்பை போட்டார்கள். கடைசியில் கடைகளுக்கு என்று ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு வண்டியைத் தனியாகத் திருப்பிவிட்டோம். கூடவே ஒரு துப்புரவு மேஸ்திரியை அந்த மூலையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தோம். யாரையும் திட்டவேண்டாம், பையோடு வருகிறவரிடம் "வண்டி இந்நேரம் வரும், அதில் போடுங்க" என்று மட்டும் சொல்லச் சொன்னோம். விடிகாலையில் முதல் வேலையாக அந்த இடத்தைக் கூட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுவிடுவோம். கிடக்கிற ஒரு பைதான் அடுத்த பையைக் கூப்பிடும். இடம் தொடர்ந்து சுத்தமாக இருந்த பிறகு கோலம் போட்டோம், அப்போது கோலத்துக்கு மரியாதை இருந்தது. பலரும் கோலத்தில் ஆரம்பித்துக் கோலத்திலேயே முடித்துவிடுகிறார்கள்.

அபராதம் பற்றிக் கேட்பீர்கள். கடைக்காரரிடம் அபராதம் வேலை செய்யும், அவர் நாளைக்கும் அங்கேதான் கடை திறக்கவேண்டும். வீட்டுக்காரரிடம் ரசீது நீட்டினால் ஐந்து நிமிடத்தில் எனக்கு எங்கிருந்தாவது போன் வரும். இதற்குமேல் சொல்லவேண்டாம்.

இன்னொன்று. வண்டி தள்ளுகிறவர்மேல் கோபப்படாதீர்கள். ஒரு ஆளுக்கு முந்நூறு வீட்டுக்குமேல் கொடுத்தால் எந்த மனிதனாலும் ஒழுங்காகப் பிரித்து வாங்கமுடியாது. ஒருவர் லீவு போட்டால் மாற்று ஆள் கிடையாது, பக்கத்து வார்டுக்காரர் இரண்டையும் சேர்த்து ஓட்டுவார். இப்போது பெரும்பாலும் ஒப்பந்த ஆட்கள். தினக்கூலி கலெக்டர் நிர்ணயித்தது ஒன்று, கைக்கு வருவது ஒன்று. 2020-ல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள், நல்லதுதான். கையுறையும் மாற்றுவார்கள் என்று எதிர்பார்த்தோம்.


பி_பிளாக்_செகரட்டரி எழுதியது:

மஸ்டர் சார் சொன்னதற்குச் சென்னையிலிருந்து ஒரு அனுபவம். இங்கே பொது இடத்தில் குப்பை கொட்டினால் அபராதம் 500 ரூபாயாக இருந்ததை 2024-ல் 5,000 ஆக்கினார்கள். எங்கள் பக்கத்துக் காலி மனையில் போர்டு மாறியது, குப்பை மாறவில்லை.

எங்கள் அப்பார்ட்மெண்டுக்குக் கதை வேறு. நாளைக்கு 100 கிலோவுக்குமேல் குப்பை வந்தால் நீங்கள் பெருமளவு கழிவு உருவாக்குபவர், மட்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்குங்கள் என்று மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்தது. அசோசியேஷனில் ஒரே சண்டை. "மெயின்டனன்ஸ் கட்டுகிறோம், எங்கள் குப்பையை நாங்களே பார்க்கணுமா" என்று ஒருவர் எழுந்து நின்றே பேசினார். கடைசியில் காற்றோட்டமான சிமெண்ட் தொட்டி கட்டித் தேங்காய் நார்த் தூள் போட்டு ஆரம்பித்தோம். நாற்றம் வந்தால் நார்த் தூள் போதவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான் அறிவியல். உரத்தை இப்போது மாடித்தோட்டக்காரர்கள் சண்டை போட்டு வாங்குகிறார்கள்.

ஒப்பந்தம் பற்றிச் சொன்னாரே. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாரிடம் விட்டதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் ராப்பகலாக உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். எந்த வீட்டில் யார் எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கம்பெனி மாறும்போது ஆளையும் மாற்றினால் அந்த விவரம் எந்த ஃபைலிலும் இருக்காது.


குன்னூர்க்காரி எழுதியது:

எங்கள் மலையில் நடந்ததையும் சொல்கிறேன். நீலகிரியில் பிளாஸ்டிக் தடை மாநிலத் தடைக்கு ரொம்ப முன்னாலேயே வந்தது. மாநிலம் முழுக்க 14 வகைப் பொருள்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல். பர்லியாறு செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குவார்கள், டூரிஸ்ட் சண்டை போடுவார்கள், பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. ஆனால் சாராய பாட்டிலுக்கு வழியே இல்லாமல் இருந்தது. காட்டுக்குள்ளும் தேயிலைத் தோட்டத்திலும் குடித்துவிட்டு உடைத்துப் போடுவார்கள். யானைக் காலில் குத்தினால் பிறகு அது நடக்காது, அவ்வளவுதான். இலை பறிக்கப் போகிற பெண்கள் காலிலும் குத்தும், அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

உயர் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னபிறகு 2022 மே மாதம் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் இங்கேதான் முதலில் வந்தது. பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். குடித்தவர் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுக்க ஆள் இருக்கிறது. பத்தில் ஒன்பது பாட்டிலுக்குமேல் திரும்ப வந்தது. பிறகுதான் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. கடை ஊழியர்கள் பாவம், காலி பாட்டில் வைக்க இடமில்லை, எண்ணுவதற்கு ஆளில்லை என்று இன்றும் புலம்புகிறார்கள். அது நியாயமான புலம்பல்.

மூலைவீடு அக்கா, உங்கள் குவியலில் பாட்டில் இருக்கிறதா பாருங்கள்.


பழைய_மஸ்டர் எழுதியது:

குன்னூர்க்காரி சொன்னது எனக்குப் பிடித்த உதாரணம். விலை இருக்கிற பொருள் தெருவில் கிடக்காது. உங்கள் ஊர்க் குப்பையில் செப்புக் கம்பியோ பேப்பர் கட்டோ பார்த்திருக்கிறீர்களா? பழைய இரும்புக்காரர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்கிறார். விலை இல்லாதது என்ன? சிப்ஸ் உறை, ஷாம்பு பாக்கெட், கிழிந்த செருப்பு, பழந்துணி. இவற்றைத்தான் நகராட்சி தனியாகச் சேர்த்துக் கட்டி, அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிக்க அனுப்புகிறது. அதற்கு லாரி வாடகை நம் தலையில். ஆனால் சாம்பார் இலைக்கு 10 ரூபாய் டெபாசிட் போடமுடியாதே. அதற்கு வண்டி நேரம்தான் மருந்து.


மூலைவீடு எழுதியது:

மஸ்டர் ஐயா சொன்னபடி என் வீட்டுக்காரரை அனுப்பவில்லை, நானே மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். எதிர்வீட்டு மாமி "என்ன தொலைச்சீங்க" என்று கேட்டார்கள்.

பாட்டில் இரண்டே இரண்டு. பாதிக்குமேல் வாழை இலை, அதுவும் ஒரே மாதிரி மடித்து ஒரே கறுப்புக் கவரில் கட்டியது. இரண்டாவது தெருவில் ஒரு அக்கா வீட்டிலேயே மெஸ் நடத்துகிறார், அவர்தான். கணவர் இல்லை, ஸ்கூல் போகிற பிள்ளைகள் இரண்டு. ராத்திரி பத்தரைக்குத்தான் பாத்திரம் கழுவி முடிப்பார். அடுத்து, மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன்களின் பார்சல் டப்பாக்கள். வாடகைக்கு விட்ட வீட்டு ஓனர் அவர்களிடம் வண்டி நேரத்தைச் சொல்லவே இல்லையாம். பூக்கடை நார் கொஞ்சம். எங்கிருந்தோ வந்த கட்டட இடிபாடு ஒரு மூட்டை.

பையன்களிடம் பேசிவிட்டேன். சிரித்துக்கொண்டே சரி ஆன்ட்டி என்றார்கள், பார்ப்போம். மெஸ் அக்காவை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. நான் மனு கொடுத்து அவருக்கு அபராதம் போட்டுவிட்டால்? முதலில் நானே பேசவா, மனு கொடுக்கவா? கொடுத்தால் யாருக்கு, என்ன கேட்பது?


பழைய_மஸ்டர் எழுதியது:

முதலில் பேசுங்கள். அந்த அம்மாவுக்கும் நாளைக்கே வேறு வழி தெரியாது. மூடி போட்ட பக்கெட் ஒன்றில் இலையை மட்டும் போட்டு வீட்டுக்குள்ளேயே வைத்துக் காலையில் வண்டிக்குக் கொடுக்கலாம், கவர் வேண்டாம். எங்கள் ஊரில் ஒரு மெஸ்காரர் பக்கத்து மாட்டுக்காரரிடம் பேசிவைத்திருந்தார். ராத்திரியே வந்து இலையை எடுத்துக்கொண்டு போவார், குப்பையும் இல்லை, அபராதமும் இல்லை. இலையில் பிளாஸ்டிக் கலக்காமல் இருந்தால்தான் மாட்டுக்காரர் வாங்குவார்.

மனுவில் அவர் பெயர் வேண்டாம். எந்தக் கடை என்றும் எழுதவேண்டாம். "இன்ன இடத்தில், இரவு பத்து மணி முதல் பதினொன்றுவரை குப்பை சேர்கிறது, பெரும்பாலும் சிறு உணவகக் கழிவு, இரவு வண்டி ஒன்றை இந்த வழியாகத் திருப்பிவிடவேண்டும், காலையில் முதலில் இந்த இடத்தைச் சுத்தம் செய்யவேண்டும்" என்று இவ்வளவுதான். வார்டு துப்புரவு ஆய்வாளருக்கு ஒன்று, நகராட்சி ஆணையருக்கு ஒன்று. பஜார் பக்கம் இரவு வண்டி ஏற்கெனவே ஓடும், உங்கள் தெருவைச் சேர்ப்பது ஆய்வாளருக்குப் பெரிய வேலை கிடையாது. முடியாது என்றால், உங்கள் வார்டு வண்டிகளின் ரூட் சார்ட்டையும் நேரத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பல ஊர்களில் அந்தச் சார்ட் பேப்பரில் மட்டும்தான் இருக்கும். கேள்வி வந்தால் வண்டியும் ஓட ஆரம்பிக்கும்.

இடிபாட்டு மூட்டையைத் தனியாக எழுதுங்கள். அது வேறு கணக்கு. குப்பை வண்டிக்காரர் அதைத் தொடமாட்டார், தொடவும் கூடாது. நகராட்சி டிராக்டர் வரவேண்டும்.

பகுதி சபை என்று ஒன்று உண்டு, தெரியுமா? 2022 நவம்பர் 1 அன்று முதல்முறையாக நடந்தது. கிராம சபை மாதிரி நகரத்துக்கு. உங்கள் கவுன்சிலர்தான் கூட்டவேண்டும். அடுத்தது எப்போது என்று அவரிடமே கேளுங்கள். அங்கே எழுந்து சொன்னால் பதிவேட்டில் ஏறும். தனியாகப் போகாமல் எதிர்வீட்டு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு பேர் பேசினால் "தெருவே கேட்கிறது" என்று எழுதுவார்கள்.

மனு கொடுக்கும்போது நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் இல்லை, நாளைக்கு வாங்க என்று தபால் பிரிவில் சொல்வார்கள். உட்கார்ந்திருங்கள், பதினோரு மணிக்குச் சீல் வந்துவிடும்.